ஜினி 25.5-ஆ, 62-ஆ? இந்தியாவில் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச எந்த எண்ணை எடுப்பது

#1 புள்ளிக்கோலம்

2025 ஜூலையில் அந்த அரசுச் செய்திக்குறிப்பு வந்ததிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. உலக வங்கிக் கணக்குப்படி இந்தியாவின் ஜினி (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்: 0 என்றால் எல்லாருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடம்) 25.5, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸுக்கு அடுத்து சமத்துவத்தில் உலகிலேயே நான்காம் இடம் என்று ஒரு தரப்பு. ஜினி 62, மேல்தட்டு 1 சதவீதத்தினரின் கையில் வருமானத்தில் 22.6 சதவீதம் என்று இன்னொரு தரப்பு. நாடு ஒன்றுதான், ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கேட்க மூன்று இருக்கிறது. ஒன்று, இரண்டில் எது பொய்? இரண்டு, 2011-12 உடன் ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று சொல்வது செல்லுமா? மூன்று, வெளியான அட்டவணையை மட்டும் வைத்து ஜினியை நாமே போட்டுப் பார்க்க முடியுமா? மென்பொருள் எதுவும் தெரியாது, எக்செல் மட்டும்தான்.

#2 எண்சுவடி

இரண்டும் பொய்யில்லை. 25.5 என்பது செலவின் ஜினி, 62 என்பது வருமானத்தின் ஜினி. வேடிக்கை என்னவென்றால் இரண்டு எண்ணும் உலக வங்கியின் அதே சுருக்க அறிக்கையில், அடுத்தடுத்த வாக்கியங்களில் இருக்கின்றன. நுகர்வு ஜினி 2011-12இல் 28.8, 2022-23இல் 25.5. தரவுக் குறைபாடுகளால் ஏற்றத்தாழ்வு குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் ஒட்டியே வருகிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி வருமான ஜினி 2004இல் 52, 2023இல் 62 என்பதும் அங்கேயே. செய்திக்குறிப்பு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

செலவு ஏன் எப்போதும் சமமாகத் தெரியும்? இரண்டு குடும்பங்கள். ஒன்றின் மாத வருமானம் 30,000, செலவு 27,000. மற்றதன் வருமானம் 3,00,000, செலவு 1,08,000. வருமானத்தில் 10 மடங்கு, செலவில் 4 மடங்கு. மிச்சம் 1,92,000 நிலமாகவும் பங்காகவும் வைப்பாகவும் போய்ச் சேர்கிறது. செலவுக் கணக்கெடுப்பின் கண்ணில் அது படவே படாது. கீழ்த்தட்டில் நேர்மாறு நடக்கும். வருமானம் இல்லாத மாதத்திலும் கடன் வாங்கியாவது சாப்பிட்டாக வேண்டும், அந்தக் கடன் செலவாகப் பதிவாகிவிடும். ஆக மேலே வெட்டுகிறது, கீழே ஒட்டுப்போடுகிறது. கோடு தட்டையாகாமல் என்ன செய்யும்?

"நான்காம் இடம்" என்பதுதான் உண்மையான தப்பு. ஸ்லோவாக்கியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் போட்டது வருமான ஜினி. அதே பட்டியலில் 41.8 என்று வரும் அமெரிக்காவுக்கும் அப்படியே. படியையும் பக்காவையும் ஒரே தராசில் வைத்துத் தரவரிசை போட்டிருக்கிறார்கள். இந்தியாவை இந்தியாவோடு ஒப்பிட 25.5ஐ எடுக்கலாம், அதுவும் சில நிபந்தனைகளோடு. நாடு விட்டு நாடு ஒப்பிட எடுக்காதீர்கள்.

#3 களப்பலகை

அந்த "சில நிபந்தனைகள்" பற்றி நான் சொல்கிறேன், இரண்டாம் கேள்விக்கும் அதுதான் பதில்.

2011-12இலும் 2022-23இலும் நடந்தது அரசின் அதே குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புதான். ஆனால் கேட்ட விதம் வேறு.

முதலில் நினைவுக் காலம். எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழம், மசாலா, பொட்டலத் தின்பண்டம், புகையிலை, மது ஆகியவற்றுக்குக் கடந்த 7 நாள் கணக்கு. துணிமணி, செருப்பு, படிப்புச் செலவு, மருத்துவமனையில் தங்கிய செலவு, வீட்டு உபயோகப் பொருட்களுக்கு 365 நாள். அரிசி, பருப்பு, வாடகை, மின்கட்டணம் போன்ற மீதிக்கு 30 நாள். பழைய முறையில் எல்லாவற்றுக்கும் 30 நாள்தான். காய்கறி வாங்கியது 30 நாளுக்கு யாருக்கும் நினைவிருக்காது, எனவே 7 நாள் என்றதும் உணவுச் செலவு ஏறும். ஏழை வீட்டில் சென்ற மாதம் துணி எடுத்திருக்க மாட்டார்கள், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எடுத்திருப்பார்கள். 365 நாள் என்றதும் பூஜ்யமாக இருந்த இடத்தில் ஒரு தொகை வரும். இரண்டும் சேர்ந்து கீழ்த்தட்டைத் தூக்கிவிடும். 2011-12க்கு இரண்டு முறைகளிலும் எண்கள் உண்டு. ஒப்பிடுபவர் எந்த முறையின் எண்ணை எடுத்தார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது வருகை. 2011-12இல் ஒரே நாளில் உட்கார்ந்து முழுப் படிவத்தையும் முடித்தார்கள். 347 பொருட்கள் முடிவதற்குள் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அலுத்துவிடும், கடைசிப் பக்கங்களில் எல்லாம் "இல்லை, இல்லை" என்றே விழும். 2022-23இல் பட்டியல் 405 ஆனது. ஆனால் மூன்றாகப் பிரித்து மூன்று மாதம் மூன்று முறை போனார்கள்: உணவு ஒரு தடவை, நுகர்பொருளும் சேவையும் ஒரு தடவை, நீடித்துழைக்கும் பொருட்கள் ஒரு தடவை. அதனால் மட்டுமே கூடியது எவ்வளவு, வாழ்க்கை மாறிக் கூடியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே சமயத்தில் இரண்டு மாதிரிகளில் ஓட்டியிருந்தால் பிரித்திருக்கலாம்.

இலவசப் பொருட்கள் வேறு. ரேஷனில் இலவசமாகக் கிடைத்த அரிசி, அரசு கொடுத்த சைக்கிள், மடிக்கணினி இவற்றுக்கு மதிப்புப் போட்டது ஒரு அட்டவணை, போடாதது இன்னொன்று. 2022-23 கிராமப்புற மாதத் தலைவீதச் செலவு மதிப்புப் போடாமல் 3,773, போட்டால் 3,860. ஒரு ஆண்டுக்கு முதல் அட்டவணையும் மறு ஆண்டுக்கு இரண்டாவதும் எடுத்து வளர்ச்சி விகிதம் போட்ட கட்டுரைகள் நிறையச் சுற்றுகின்றன.

நடுவில் 2017-18 கணக்கெடுப்பு ஒன்று நடந்து, தரவின் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அரசு அதைக் கைவிட்டது. 11 ஆண்டுக்கு இரண்டே புள்ளிகள். இரண்டு புள்ளியை இணைத்தால் நேர்கோடு வரும், போக்கு வராது. இடையில் பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா எல்லாம் வந்து போயிருக்கின்றன.

#4 எண்சுவடி

மூன்றாம் கேள்வி. தாராளமாக முடியும். கிராமப்புறம் 2022-23, இலவசப் பொருள் மதிப்பு சேர்க்காத அட்டவணை. மக்களைச் செலவு வரிசையில் 12 அடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கின் சராசரி மாதத் தலைவீதச் செலவையும் ரூபாயில் கொடுத்திருக்கிறார்கள்:

0–5%: 1,373
5–10%: 1,782
10–20%: 2,112
20–30%: 2,454
30–40%: 2,768
40–50%: 3,094
50–60%: 3,455
60–70%: 3,887
70–80%: 4,458
80–90%: 5,356
90–95%: 6,638
95–100%: 10,501

ஏ நெடுவரிசையில் மக்கள் பங்கு: முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் 0.05, நடு எட்டுக்கும் 0.10. பி-யில் மேலே உள்ள செலவு. சி = ஏ × பி. டி = சி-யின் கூட்டிக்கொண்டே போகும் தொகை. ஈ = ஏ × (இந்த வரியின் டி + முந்தைய வரியின் டி). முதல் வரிக்கு முந்தைய டி பூஜ்யம்.

முதல் வரி: சி 68.65, டி 68.65, ஈ 3.43. இரண்டாம் வரி: சி 89.10, டி 157.75, ஈ = 0.05 × (157.75 + 68.65) = 11.32. இப்படியே இழுத்துவிடுங்கள். கடைசி டி 3,773.10 வர வேண்டும், அதுதான் சராசரி. ஈ-யின் மொத்தம் 2,768.68. ஜினி = 1 − 2,768.68 ÷ 3,773.10 = 0.266. வெளியான எண்ணும் 0.266தான் (உலக வங்கி பாணியில் 100ஆல் பெருக்கினால் 26.6).

இந்த முறை ஓர் அடுக்குக்குள் எல்லாரும் ஒரே அளவு செலவழிப்பதாக வைத்துக்கொள்கிறது. கடைசி 5 சதவீதத்துக்குள் 8,000 செலவழிப்பவரும் 80,000 செலவழிப்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அதனால் தனித்தனிக் குடும்பத் தரவில் போட்டால் ஜினி இதைவிடக் கொஞ்சம் கூடும், குறையாது.

அதே ஷீட்டில் இன்னும் இரண்டு பார்க்கலாம். கீழே உள்ள 40 சதவீதத்தின் டி 891.15, மொத்தத்தில் 23.6 சதவீதம். மேலே உள்ள 10 சதவீதத்தின் பங்கு 22.7 சதவீதம். பிறகு, சராசரி 3,773 எந்த அடுக்கில் விழுகிறது? 50–60 அடுக்கின் சராசரி 3,455, அடுத்ததன் சராசரி 3,887. ஆக கிராமச் சராசரியைத் தொட 60 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டியிருக்கிறது. நடுவில் நிற்பவரின் செலவு 3,270 வாக்கில். "சராசரி இந்தியக் கிராமவாசி" என்று எழுதும்போது இந்த 500 ரூபாய் இடைவெளியை நினைவில் வையுங்கள்.

#5 மோட்டுவளை

நல்ல பாடம். ஆனால் இந்த ஷீட்டின் பலவீனத்தையும் காட்டிவிடலாமே. கடைசி வரியில் 10,501ஐ 21,002 ஆக்குங்கள். மேல் 5 சதவீதத்தினரின் செலவை இரட்டிப்பாக்குகிறோம், வேறெதையும் தொடவில்லை. ஜினி 0.266இலிருந்து 0.350க்குத் தாவுகிறது. இப்போது அதை மீட்டுவிட்டு முதல் வரி 1,373ஐப் பாதியாக்குங்கள். கீழ் 5 சதவீதத்தினர் பட்டினியை நெருங்குகிறார்கள் என்று அர்த்தம். ஜினி 0.277. அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம். அடிமட்டத்தில் நடப்பது ஜினியின் காதில் அவ்வளவாக விழாது. பணக்கார வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் ஜினி மொத்தமும் பிசகிவிடும். கதவு திறக்காது என்பதுதான் எல்லா நாட்டுக் கணக்கெடுப்பிலும் பிரச்சினை. வாசலில் காவலாளி, உள்ளே மேலாளர், அப்புறம்தான் வீட்டுக்காரர். இந்தியாவில் இந்தக் கணக்கெடுப்பின் செலவை மொத்த நாட்டுக்கும் பெருக்கினால், தேசியக் கணக்கு காட்டும் தனியார் நுகர்வில் ஏறக்குறைய பாதிதான் தேறுகிறது. இரண்டின் வரையறையும் ஒன்றல்ல என்பது சரி. சொந்த வீட்டுக்குக் கணக்கிடும் வாடகை தேசியக் கணக்கில் உண்டு, தலைவீதச் செலவில் கிடையாது. அதையெல்லாம் கழித்தாலும் பெரிய பள்ளம் மிஞ்சுகிறது.

அதற்காக 62ஐக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. அதன் மேல்பகுதி வருமான வரி அட்டவணையிலிருந்து வருகிறது, அது சரி. வரி கட்டாத பெரும்பான்மைக்கு என்ன செய்கிறார்கள்? இதே செலவுக் கணக்கெடுப்பை எடுத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் வருமானத்துக்கும் செலவுக்கும் இடையில் ஒரு விகிதத்தை அனுமானித்து வருமானமாக மாற்றுகிறார்கள். வரிக்கு முந்தைய வருமானம், வயதுவந்தோர் மட்டும், நிறுவனங்கள் பங்கிடாத லாபமும் சேர்த்து. அரசு தரும் இலவச அரிசியோ உதவித்தொகையோ அதில் ஏறாது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் பெரிய நிலக்காரர் வரி அட்டவணையில் சிறியவராகத் தெரிவார். எனவே 62 என்பது "சந்தை கொடுத்தது எப்படிப் பிரிந்தது" என்ற கேள்விக்கான மதிப்பீடு, 25.5 என்பது "வீட்டில் செலவானது எப்படிப் பிரிந்தது" என்பதற்கான மதிப்பீடு. நடுவில் இருக்கும் வரி, மானியம், சேமிப்பு, கடன் நான்கையும் தாண்டாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது.

#6 புள்ளிக்கோலம்

5ஆம் பதிவில் சொன்ன இரண்டு மாற்றத்தையும் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. ஒரு சந்தேகம். கிராமம் 0.266, நகரம் 0.314 என்றால் இரண்டும் சேர்ந்த நாடு எப்படி 0.255 ஆகும்? இரண்டுக்கும் நடுவில் அல்லது அதற்கு மேலேதானே வர வேண்டும்?

#7 எண்சுவடி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அரசு எண் ரூபாயை ரூபாயாகவே எடுக்கிறது. உலக வங்கி இடத்துக்கிடம் மாறும் விலைவாசியைச் சரிசெய்த பிறகு ஜினி போடுகிறது. விலை கூடிய ஊரில் செலவும் கூடுதலாக இருக்கும். அந்த விலை வித்தியாசத்தை எடுத்துவிட்டால் ஏற்றத்தாழ்வில் ஒரு பங்கு கரைந்துவிடும். எனவே 0.255ஐ 0.266க்கும் 0.314க்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, அது 28.8க்கு மட்டும் ஜோடி. கிராம ஜினியையும் நகர ஜினியையும் கூட்டி இரண்டால் வகுப்பதும் கூடாது. இரு பகுதிக்கும் இடையில் உள்ள இடைவெளி அதில் காணாமல் போகும்.

#8 கூலிக்கணக்கு

செலவை இவ்வளவு பேசியாயிற்று, சம்பாத்தியத்தையும் கொஞ்சம் பார்ப்போம். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017-18இலிருந்து வருகிறது. 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை அதை விலைவாசி நீக்கிக் கொடுத்திருக்கிறது:

மாதச் சம்பளக்காரர், ஆண்: 12,665 → 11,858. பெண்: 10,116 → 8,855.
சுயதொழில், ஆண்: 9,454 → 8,591. பெண்: 4,348 → 2,950.
தினக்கூலி, ஒரு நாளுக்கு, ஆண்: 203 → 242. பெண்: 128 → 159.

முதல் எண் 2017-18, இரண்டாவது 2023-24. மாதச் சம்பளமும் சுயதொழிலும் இறங்கியிருக்க, தினக்கூலி மட்டும் ஏறியிருக்கிறது. கீழே ஏற்றம், நடுவில் இறக்கம் என்றால் ஜினி குறையத்தான் செய்யும். "ஏற்றத்தாழ்வு குறைந்தது" என்பது எப்போதும் நல்ல செய்தி என்று எண்ணுபவர்கள் இந்த மூன்று வரியையும் பார்க்க வேண்டும்.

ஆனால் இதிலும் பொறி இருக்கிறது. பெண் சுயதொழில் வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். அதே காலத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதத்துக்குப் போனது. புதிதாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சுயதொழிலில்: இரண்டு மாடு, வீட்டிலேயே தையல், இட்லி மாவு. முன்பே தொழில் செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு ரூபாய் குறையாமலே, குறைவாகச் சம்பாதிப்பவர்கள் கூட்டத்தில் சேர்ந்ததாலேயே சராசரி விழும். 10 பேர் தலைக்கு 5,000 ஈட்டும் இடத்தில் 1,000 ஈட்டும் 10 பேர் சேர்ந்தால் சராசரி 3,000. யாரும் எதையும் இழக்கவில்லை, புதிதாக வந்த 10 வீட்டில் 1,000 ரூபாய் கூடியும் இருக்கிறது. வருமான வீழ்ச்சி எவ்வளவு, ஆள் கலவை மாறியது எவ்வளவு என்று பிரிக்காமல் இந்த வரியை மேற்கோள் காட்டக் கூடாது.

அளக்கும் காலமும் மூவருக்கும் மூன்று. சம்பளக்காரருக்குப் போன மாதச் சம்பளம், தினக்கூலிக்காரருக்குக் கடந்த 7 நாளில் நாளுக்கு நாள் வந்த கூலி, சுயதொழிலாருக்குக் கடந்த 30 நாள் வரவில் செலவு போக. நாளுக்கு 242 என்றால் மாதம் 26ஆல் பெருக்கி 6,292 என்று எழுதுகிறார்கள். வேலை கிடைத்த நாளின் கூலி அது. வேலை கிடைக்காத நாள் அந்தச் சராசரியில் இல்லை. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவும் மனைவி, மகன் ஆகியோர் வேலை செய்பவர் எண்ணிக்கையில் உண்டு, வருமானச் சராசரியில் இல்லை.

#9 வரப்பு

கூலிக்கணக்கு சொன்ன 30 நாள் விஷயம் விவசாயிக்கு வந்தால் இன்னும் கோளாறு. அறுவடை மாதத்தில் போனால் லட்சாதிபதி, நடவு மாதத்தில் போனால் கழித்தல் குறி. ஆண்டு முழுக்க வீடுகளைப் பிரித்துப் போவதால் சராசரி ஓரளவு தப்பிக்கும், ஆனால் ஜினி தப்பிக்காது. ஒரே அளவு நிலம் உள்ள இரண்டு பேர் ஆண்டு வருமானத்தில் சமமாக இருந்தும், கேட்ட மாதம் வேறு என்பதாலேயே ஏற்றத்தாழ்வாகத் தெரிவார்கள். குறுகிய காலம் அளந்தால் ஏற்றத்தாழ்வு பொய்யாகக் கூடும். நுகர்வில் குறைத்துக் காட்டுகிறது என்றால் மாத வருமானத்தில் கூட்டிக் காட்டுகிறது, இது யாரும் சொல்லாத பக்கம்.

விவசாயக் குடும்பங்களுக்கு என்று தனியாக 2018-19இல் எடுத்தது கொஞ்சம் தேவலை, இரு பருவமும் கேட்டார்கள். மாத வருமானம் 10,218: கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798, கால்நடை 1,582, பிற தொழில் 641, நிலக் குத்தகை வரவு 134. "விவசாயி" என்ற குடும்பத்துக்குப் பயிரைவிடக் கூலி அதிகம். இந்த 10,218 கையிலிருந்து கொடுத்த செலவை மட்டும் கழித்தது. வீட்டு ஆட்களின் உழைப்பு, சொந்த விதை, சொந்த மாட்டுச் சாணி ஆகியவற்றுக்கும் விலை போட்டுக் கழித்தால் 8,337. ஒரே கணக்கெடுப்பு, ஒரே குடும்பம், இரண்டு வருமானம். வருமானத்தை அளப்பது ஏன் இழுபறி என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நாடு முழுக்க வருமானக் கணக்கெடுப்பு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடலாம். 1950களிலும் 60களிலும் முயன்று பார்த்தார்கள், 1983-84இலும் ஒரு வெள்ளோட்டம். சொன்ன வருமானம், செலவையும் சேமிப்பையும் கூட்டியதைவிடக் குறைவாக வந்து நின்றது. ஊரே வருமானத்துக்கு மேல் செலவழித்து அதற்கும் மேல் சேமிக்கிறதாம். 2026இல் நடத்தத் திட்டமிட்ட புதிய வருமானக் கணக்கெடுப்புக்கு 2025 ஆகஸ்டில் கேள்விகளைச் சோதித்தபோது, பதில் சொன்னவர்களில் 95 சதவீதம் பேர் இவை சொல்லத் தயங்கும் விவரங்கள் என்றார்களாம். ஆச்சரியம் 95இல் இல்லை, மீதி 5இல்.

#10 மோட்டுவளை

வரப்பு அண்ணே, அந்த 5இல் மேல்தட்டு ஒருவர்கூட இருக்க மாட்டார் :)

2023-24 அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். கிராமத்தில் கீழ் 5 சதவீதம் 1,373இலிருந்து 1,677 ஆனது, ஒரே ஆண்டில் 22 சதவீதம் ஏற்றம். மேல் 5 சதவீதம் 10,501இலிருந்து 10,137க்கு இறங்கியது. நகரத்தில் மேல் 5 சதவீதம் 20,824இலிருந்து 20,310. விலைவாசி ஏறிய ஆண்டில் பணக்காரர் ரூபாய்க் கணக்கிலேயே குறைத்துச் செலவழித்தாராம். கிராம ஜினி 0.266 → 0.237, நகர ஜினி 0.314 → 0.284. ஜினி சாதாரணமாக எறும்பு போல நகரும் ஜந்து. ஒரே ஆண்டில் மூன்று புள்ளி என்பது நாட்டில் நடந்த மாற்றத்தைவிட மாதிரியில் நடந்த மாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. மேல் அடுக்கில் சில ஆயிரம் வீடுகளே இருக்கும். அவற்றில் கார் வாங்கியவர், கல்யாணம் நடத்தியவர், பெரிய அறுவைச் சிகிச்சை செய்தவர் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதே அந்தச் சராசரியை ஆட்டிவைக்கும்.

#11 களப்பலகை

ஒப்புக்கொள்கிறேன், பாதி. இரண்டு ஆண்டும் கேட்ட முறை ஒன்றே என்பதால் 2011-12 ஒப்பீட்டைவிட இது சுத்தமானது. கீழ் 5 சதவீத ஏற்றத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது.

வளர்ச்சி பற்றி யாரும் சொல்லவில்லை, நான் போட்டுவிடுகிறேன். 2011-12இலிருந்து 2022-23க்கு கிராமச் செலவு 1,430 → 3,773, நகரம் 2,630 → 6,459. இதை "இரண்டரை மடங்கு" என்று போடுபவர்கள் விலைவாசியை மறக்கிறார்கள். 2011-12 விலையில் கிராமம் 2,008, நகரம் 3,510. அதாவது 11 ஆண்டில் 40 சதவீதம், 33 சதவீதம். ஆண்டுக்குச் சராசரி 3.1, 2.7. கூட்டு வளர்ச்சிக்கு 40ஐ 11ஆல் வகுக்காதீர்கள், 3.6 என்று தப்பாக வரும். 2,008 ÷ 1,430இன் 11ஆம் மூலத்தை எடுத்து 1ஐக் கழிக்க வேண்டும்.

விலை நீக்கும் குறியீட்டிலும் ஒரு நெளிவு. 2012 அடிப்படையிலான நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கு எடை கிராமத்தில் 54.18, நகரத்தில் 36.29. அந்த எடை சராசரிக் குடும்பத்துக்கு. கீழ் அடுக்குக் குடும்பத்தில் உணவின் பங்கு அதைவிடக் கூடுதல். உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறும் ஆண்டில் எல்லா அடுக்குக்கும் ஒரே குறியீட்டால் வகுத்தால் ஏழையின் உண்மைச் செலவு கூடியதாகக் காட்டும். 12 அடுக்குக்கும் 12 குறியீடு போடுவது கஷ்டமில்லை. உணவுக்கும் மற்றதற்கும் தனித்தனிக் குறியீடு எடுத்து, அந்த அடுக்கின் செலவுப் பங்கால் எடை கொடுத்தால் போதும்.

#12 புள்ளிக்கோலம்

நகரத்துக்கு நானே போட்டேன், இடிக்கிறது. 2022-23 நகர அடுக்குகள்: 2,001, 2,607, 3,157, 3,762, 4,348, 4,963, 5,662, 6,524, 7,673, 9,582, 12,399, 20,824. எனக்கு ஜினி 0.366 வருகிறது. வெளியானது 0.314. 2011-12 நகர ஜினி 0.363 என்று படித்தேன். அப்படியென்றால் நகரத்தில் ஏற்றத்தாழ்வு குறையவே இல்லையா? அரசு எண்தான் தப்பா?

#13 எண்சுவடி

அவசரப்படாதீர்கள். உங்கள் ஷீட்டில் கடைசி டி எவ்வளவு என்று பாருங்கள். 6,959 என்று இருக்கும், பந்தயம். நகரச் சராசரி 6,459தான். 12 அடுக்குக்கும் ஒரே பங்கு, பன்னிரண்டில் ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். இரு முனையிலும் உள்ள நான்கு அடுக்கும் 5 சதவீத அடுக்குகள், அவற்றுக்கு 8.33 சதவீதம் கொடுத்ததால் பரம ஏழையும் பெரும் பணக்காரரும் நாட்டில் கூடிவிட்டார்கள். 0.363க்குப் பக்கத்தில் வந்தது வெறும் தற்செயல். ஏ நெடுவரிசையைத் திருத்துங்கள்.

#14 புள்ளிக்கோலம்

6,959தான் இருந்தது. திருத்தியதும் சராசரி 6,458.65, ஈ மொத்தம் 4,430.83, ஜினி 0.314. கிராமத்துக்குச் சரியாகப் போட்டுவிட்டு, நகரத்துக்குப் புது ஷீட் திறந்தபோது ஏ-யை நகலெடுக்காமல் விட்டிருக்கிறேன்.